ஆறு காலுள்ள தொங்கட்டான்

வெள்ளமத்தி கேம்ப்பில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, சுவரில் அடித்த சுண்ணாம்பு பாசி பிடித்துக் கொத்தமல்லிச் சட்னி நிறத்துக்கு வந்துவிடும், இதெல்லாம் வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான். அந்த வருஷம் கூடுதலாக நடந்தது என்னவென்றால், கொசுவைப் பிடித்து இழுத்து நீட்டின மாதிரி ஒரு பூச்சி மலைச்சரிவிலிருந்து இறங்கி வந்து எங்கள் குவார்ட்டர்ஸ் வீடுகளின் ஒட்டடையில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு, தனக்கு நேர் கீழே யாராவது வலியோடு 'அம்மாடி' என்றால் ஒரு காலைக் கழற்றி அவர்கள் உச்சந்தலையில் போட்டது, போட்டதும் அவர்களுடைய கால்வலி போய்விட்டது.

முதல் கால் பூவாத்தாளுக்கு விழுந்தது. கேம்ப் முழுக்கப் பெருக்குகிறவள், குதிகால் தரையில் பட்டால் உயிர் போகிறது என்று முன்பாதத்தில் நடக்கிறவள், பக்கத்து வீட்டு ரெஜினாவின் வராந்தாவில் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு 'அம்மாடி' என்று உட்காரப் போனவள், உட்காராமலே நிமிர்ந்து நேராக என் வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஏனுங்க வத்சலாம்மா, தலைல என்னமோ முடியாட்டம் உளுந்துதுங்க. தொட்டுப் பாக்கறேன், உப்பாட்டம் கரைஞ்சு போச்சு. கூடவே குதிகால் வலியும் போயிருச்சுங்க."

"போனது நல்லதுதானே, அதுக்கு ஏன் இப்படி ஆடறே?"

நின்ற இடத்திலேயே, முழங்கால் லேசாக மடங்குவதும் நிமிர்வதுமாக, மேலும் கீழும், மேலும் கீழும், படகில் ஏற்றி வைத்த பானை மாதிரி ஆடிக்கொண்டிருந்தாள். தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டு, "நானா ஆடறனுங்க? அதுவா ஆடுது. நடந்தா நின்னுக்குது, நின்னா ஆடுது," என்றாள், பிறகு அது ஒரு விஷயமே இல்லை என்பதுபோல என் வாசலைப் பெருக்க ஆரம்பித்தாள்.

பூச்சியும் அப்படித்தான் ஆடியது. முன்னங்கால் இரண்டால் ஒட்டடை நூலைப் பற்றிக்கொண்டு, மீதி நாலைத் தொங்கவிட்டு, ஒரு வரிசையில் உள்ள அத்தனையும் ஒரே தாளத்தில் மேலும் கீழும் போய்வந்தன; கால்களின் நுனியெல்லாம் வெள்ளை வெளேரென்று, நாங்கள் கான்வென்ட்டில் திங்கட்கிழமை காலையில் போட்டுக்கொண்டு போகிற சாக்ஸ் மாதிரி இருக்கும். கேம்ப் பெண்கள் அதற்குத் தொங்கட்டான் என்று பேர் வைத்தார்கள். எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊருக்கு எது வந்தாலும், கரடி ஆனாலும் கலெக்டர் ஆனாலும், எப்போது வந்தது என்று கேட்கமாட்டார்கள், எத்தனை நாள் இருக்கும் என்றுதான் கேட்பார்கள்.

அணைக்கட்டு வேலைக்காக மலையில் செதுக்கிய ஊர் எங்களுடையது, எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போவதானாலும் படிக்கட்டுதான், ஆகவே கால்வலி இல்லாத ஆள் கிடையாது. கார்த்திகை பிறப்பதற்குள் பாதி கேம்ப் தொங்கட்டானுக்குக் கீழே நின்று பெருமூச்சு விட்டுவிட்டது. ரேஷன் கடை வரிசை முழுக்க மேலும் கீழும் ஆடியது. எடை போடுகிற முத்தையனும் ஆடினான், தராசும் ஆடியது, பருப்பு வாங்குகிறவளும் ஆடினாள், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மேலே வரும்போது முள் எங்கே நிற்கிறதோ அதுதான் எடை என்று ஒப்புக்கொண்டார்கள், சண்டையே வரவில்லை. கோயிலில் அர்ச்சகர் தட்டை நீட்டினால் தொட்டுக் கும்பிட இரண்டு முயற்சி வேண்டியிருந்தது. சர்ச்சில் பாட்டுக் குழு ஆட்டத்துக்கு ஏற்றமாதிரி எல்லாப் பாட்டையும் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டது, ஃபாதர் ஒன்றும் சொல்லவில்லை, அவருடைய இடது முட்டியும் சரியாகிப் போயிருந்தது. கடைசி பஸ் டிரைவர், படியில் நிற்கிறவர்கள் ஆடி ஆடி வண்டியும் ஆடுகிறது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். என் வீட்டுக்காரர் பாலகுரு, பவர்ஹவுஸில் இன்ஜினியர், தினமும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரை படித்து எதையும் நம்பாத மனுஷர், ஆபீஸ் அறையில் நாற்காலியை ஒட்டடைக்குக் கீழே நகர்த்திப் போட்டுக்கொண்டு 'அம்மாடி' என்று சொல்லிவிட்டு வந்து, சாயங்காலம் எனக்கு முன்னால் ஆடிக்கொண்டே, "இதுக்கு ஒரு விளக்கம் இருக்கும் வத்சலா," என்றார்.

வலி இல்லாதவர்கள் சும்மா நடித்து 'அம்மாடி' சொன்னால் அது போடாது. அந்த விஷயத்தில் பூச்சிக்கு இருந்த விவரம் எங்கள் டிஸ்பென்சரிக் கம்பவுண்டருக்குக் கிடையாது.

இதில் அடியோடு மாறிப்போனது ஒட்டடையின் அந்தஸ்து. நேற்றுவரை மூலையில் ஒரு நூல் தெரிந்தால் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு நின்ற பெண்கள், இன்றைக்கு வந்தவர்களை நடு ஹாலில் நிற்க வைத்து மேலே காட்டினார்கள். சிலந்தி இல்லாத வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்கிற மாதிரி ஒரு சிலந்தி கேட்டுத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துப் போனார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்த்துவிட்டு விட்டத்தையும் பார்த்தார்கள். என் வீட்டில் மட்டும் ஒட்டடை கிடையாது. வாரத்தில் இரண்டு தரம் ஒட்டடைக் கொம்பை எடுக்கிறவள் நான். நடுவிரலால் ஜன்னல் சட்டத்தைத் தடவிப் பார்த்துத் தூசி இருந்தால் ஸ்கேலால் அதே விரலில் போடுகிற சிஸ்டர் பெர்னதெத்திடம் வளர்ந்தவள், ஒரு பூச்சிக்காக இத்தனை வருஷப் பழக்கத்தை விடமாட்டேன். தவிர, என் முட்டிக்கு ஒன்றும் இல்லை என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

முட்டிக்கு என்ன இருந்தது என்பது என் முட்டிக்கும் எனக்கும் தெரியும். கான்வென்ட்டில் தமிழில் பேசினால், பேசாவிட்டால், சிரித்தால், ஜபத்தில் தூங்கினால், எல்லாவற்றுக்கும் முழங்காலில் நிற்க வைப்பார்கள். எழும்போது முனகினால் மறுபடி முதலிலிருந்து. அதனால் நான் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் பிள்ளை பெற்றாலும் 'அம்மாடி' என்று சொன்னதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுவேன்.

இந்தச் சமயத்தில்தான் பர்வீன் வந்தாள். பொள்ளாச்சிக்காரி, பூச்சி ஆராய்ச்சி பண்ணுகிறவள், முப்பத்தைந்து வயதிருக்கும். குழந்தையில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பி, அந்தச் செருப்புக்கு மட்டும் கனமான அடிப்பாகம் வைத்துத் தைத்துப் போட்டிருந்தாள், படியில் அவள் வருவது ஒரு தட்டும் ஒரு இழுப்புமாக முன்கூட்டியே கேட்டுவிடும். பல வருஷமாக ஓடையோரப் பாசியிலும் அழுகின மரத்திலும் இதே பூச்சியின் புழுவைப் பார்த்து, பறக்கிற வயதில் எப்படி இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தாளாம். அது கேம்ப்பில் வீட்டுக்கு வீடு தொங்குகிறது என்று கேள்விப்பட்டு பஸ்ஸில் இருந்து கிட்டத்தட்ட ஓடி வந்தாள். வந்து ரெஜினா வீட்டில் பார்த்தால் எல்லாவற்றுக்கும் மூன்று கால், இரண்டு கால்.

"அத்தனையும் ஆம்பளைப் பூச்சி, அத்தனையும் நொண்டி," என்று என் சமையலறையில் உட்கார்ந்து காபியை ஊதினாள். என் வீடு படிக்கட்டின் பாதியில் இருக்கிறது, அவள் மூச்சு வாங்க அங்கேதான் நிற்பாள், நின்றவளை உள்ளே கூப்பிடாமல் இருக்க நான் என்ன காட்டுமிராண்டியா. "ஆறு காலும் வேணும்க்கா. முன்னங்கால்ல வெள்ளை எதுவரைக்கும், பின்னங்கால்ல எதுவரைக்கும், எந்த மூட்டு எத்தனை நீளம், இதெல்லாம் எழுதினாத்தான் இது வேற, உலகத்துல இருக்கிற மத்ததெல்லாம் வேறன்னு சொல்ல முடியும்."

"போட்டோ எடு."

செல்போனை நீட்டினாள். படமெல்லாம் புகை மாதிரி இருந்தது. "நிக்க மாட்டேங்குதே. ஆடிக்கிட்டே இருக்கு. படம் இருந்தாலும் போதாதுக்கா, உடம்பு வேணும், ஒண்ணு ஸ்பிரிட்ல போட்டு வைக்கணும். தை பிறந்தா சீசன் முடிஞ்சுது, என் வேலையும் முடிஞ்சுது. அதுக்கப்புறம் இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னா யாரு நம்புவாங்க?"

வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். ஒன்றே ஒன்றை விட்டுவையுங்கள், அதற்குக் கீழே மட்டும் யாரும் நிற்காதீர்கள் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள், கூடவே உடம்பும் ஆடியது. ஆனால் ஒரு நாள் முழுக்கப் படி ஏறி இறங்கினவன் வீட்டுக்குள் வந்ததும் முதலில் வாயில் வருவது என்ன? தண்ணீர் கேட்பதற்கு முன்னால் 'அம்மாடி' என்பான். அது சொல்வது இல்லை, மூச்சு. காலையில் ஆறு காலோடு இருந்தது, மத்தியானம் அவள் படியேறி வந்து சேர்வதற்குள் நாலு, சாயங்காலம் ஒன்று, கடைசிக் காலும் போனால் சீரகம் மாதிரி தரையில் விழும், பூவாத்தா பெருக்கித் தள்ளுவாள். மார்கழி பாதியில் கேம்ப்பில் ஆறு கால் தொங்கட்டான் ஒன்றுகூடக் கிடையாது. வலியோடு மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டே பேர், பர்வீனும் நானும். அதில் என் கணக்கு யாருக்கும் தெரியாது.

"நீ ஏன் ஒரு காலை வாங்கிக்கலை?" என்று ஒருநாள் கேட்டேன். நேரே கேட்டுவிடுவதுதான் எனக்குப் பழக்கம்.

"கேட்டா கொடுத்துடும்க்கா. அதான் பயமா இருக்கு." செருப்பைக் கழற்றிவிட்டு இடுப்பைத் தேய்த்துக்கொண்டாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவளும் அடக்கப் பழகியிருந்தாள், வேறு காரணத்துக்காக.

போகிக்கு முந்தின நாள் கேம்ப்பில் பெரிய விவாதம். ஒட்டடை அடிப்பதா வேண்டாமா? அடிக்காமல் போகி உண்டா? கடைசியில், மிச்சமிருக்கிற ஒரு கால், இரண்டு கால்களைப் பொங்கலுக்கு வந்திருக்கிற விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, காலியான ஒட்டடையை அடித்துவிடலாம் என்று முடிவானது. அன்று காலை பத்து மணி சுமாருக்குப் பர்வீன் சொல்லிக்கொண்டு போக வந்தாள். பை, குடை, உபயோகமே படாத ஸ்பிரிட் பாட்டில், எல்லாவற்றையும் எடுத்துக் கட்டியாகிவிட்டது. காபியை வாங்கினவள் வாயருகே கொண்டுபோனாள், கண் மேலே போனது, அங்கேயே நின்றது.

"அக்கா," என்றாள், ரகசியம் மாதிரி. "பரண்ல ஒட்டடை இருக்கு."

என் வீட்டில் ஒட்டடை இருக்கிறது என்று என் முகத்துக்கு நேராக ஒருத்தி சொன்னாள். சொன்னது நிஜம். அடுப்புக்கு மேலே, பித்தளை அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவில், கொம்பு எட்டாத, ஸ்டூல் போட்டு ஏறினால்தான் கை போகிற மூலை அது. ஸ்டூலில் ஏற என் முட்டி விடாமல் எத்தனையோ காலமாகிறது. அந்த ஒட்டடையில், தனியாக, ஆறு காலோடு, வெள்ளை சாக்ஸ் ஆறும் அழுக்குப்படாமல், மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது ஒன்று. எத்தனை நாளாக இருந்ததோ. அதற்குக் கீழே நின்று தினமும் மூன்று வேளை சமைத்திருக்கிறேன், உட்கார்ந்து எழுந்திருக்கிறேன், ஒரு தரம்கூட முனகியதில்லை. சிஸ்டர் பெர்னதெத்துக்கு இது தெரிந்தால் தன்னால்தான் என்று சொல்லியிருப்பார்.

செய்தி எப்படி வெளியே போனது என்று கேட்காதீர்கள், கேம்ப்பில் பால் பொங்கினாலே அடுத்த தெருவுக்குத் தெரியும். ரெஜினா முன்னால், பூவாத்தா பின்னால், முத்தையன் கடையைப் பூட்டாமல், என் வீட்டுக்காரர் டியூட்டியிலிருந்து, எல்லோரும் சமையலறை வாசலில் வந்து நின்று ஆடினார்கள்.

"ஐயோ வத்சலா!" என்றாள் ரெஜினா, அப்படி ஒரு சந்தோஷம். "உன் வீட்டுல! ஒட்டடை! நீ என் வீட்டு ஃபேன் மேல விரலை வெச்சுப் பாத்தவளாச்சே!"

"பாத்தேன், ஒரு இஞ்சு அழுக்கு இருந்தது. இப்ப வாயை மூடு, யாரும் கீழே வராதீங்க."

"வந்தா என்ன? எங்களுக்கு வலியே இல்லையே. பாவம் அந்தப் பிள்ளைதான் இழுத்துக்கிட்டு நடக்குது. ஒரு காலை அது வாங்கிக்கட்டும். நீயும் ஒண்ணு வாங்கிக்க. உன் முட்டி கதை எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சியா, ஸ்டோர் படியில கம்பியைப் பிடிச்சு இழுத்து இழுத்து ஏறறியே? நாலு காலை வெச்சு அது எழுதட்டும், மாட்டுக்கும் நாலு காலுதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பர்வீன் யாரையும் பார்க்கவில்லை. நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பரணுக்கு நேர் கீழே, தரையில், சூம்பின காலை ஒரு பக்கமாக மடக்கி உட்கார்ந்தாள், உட்காரும்போது உதடு வெளுத்தது, சத்தம் வரவில்லை. "உயிரோட இருக்கும்போது நிறத்தைக் குறிச்சுக்கணும், ஸ்பிரிட்ல போட்டா மாறிடும். என் கண்ணுக்கு எல்லாம் பழுப்பாத் தெரியுது. நீங்க சொல்லுங்கக்கா. நெஞ்சு என்ன நிறம்?"

"பழுப்பா? கண்ணாடி போடு முதல்ல. பழைய பெருங்காய டப்பாவோட உள்பக்கம் மாதிரி இருக்கு."

"முதுகுல கோடு?"

"கடுகு தாளிச்சுக் கொஞ்சம் தீஞ்ச எண்ணெய். நடுவுல ஒண்ணு, ரெண்டு ஓரத்துலயும் மெல்லிசா."

"றெக்கை?"

"வெங்காயச் சருகு. உள்சருகு, வெளிச்சருகு இல்லை. நுனியில ஒரு புள்ளி, டிகாக்ஷன் தெறிச்சாப்பல."

வாசலில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் எட்டிப் பார்த்து, "ஆமா, வெங்காயச் சருகுதான்," என்றார்கள். அத்தனை நாள் அதற்குக் கீழே நின்றவர்கள், அன்றைக்குத்தான் அதைப் பார்த்தார்கள்.

எழுதி முடித்ததும் பர்வீன் பாட்டிலைத் திறந்தாள். யார் ஏறுவது? அவளால் ஸ்டூலில் ஏற முடியாது. என் வீட்டுக்காரர் முன்வந்தார், ஸ்டூலில் நின்ற கணமே ஆட ஆரம்பித்தார், அண்டா கிணுகிணுத்தது, ஒட்டடை நடுங்கியது, இறங்குங்கள் என்று நான் கத்தினேன். ரெஜினாவும் ஆடினாள், முத்தையனும் ஆடினான், கேம்ப்பில் அசையாமல் நிற்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

"ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன்க்கா," என்றாள் பர்வீன். "எங்க பிடிச்சதுன்னு நான் எழுதணும்."

"வாசல் வராந்தான்னு எழுது."

"நாளைக்கு யாராவது தேடிக்கிட்டு வந்தா வராந்தாவுல தேடுவாங்களே. கிடைக்காது. வீட்டுச் சமையலறை, பரண், சிலந்தி ஒட்டடைன்னுதான் போடணும்."

"உலகம் பூரா படிக்குமா?"

"உலகத்துல இதைப் படிக்கிறவங்க கொஞ்சம் பேருதான். ஆனா எப்பவும் படிப்பாங்க."

பெண்ணே, என் முட்டியையும் கேட்கிறாய், என் மானத்தையும் கேட்கிறாய் என்று வாய்வரை வந்தது. அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தேன். எழ வேண்டுமானால் கையை ஊன்றி, நல்ல காலை இழுத்து, அந்தக் காலைத் தூக்கி வைத்து எழ வேண்டும், நேர் மேலே ஆறு மருந்து தொங்குகிறது, மூச்சை விட்டால் போதும். விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்டூலைப் பிடி," என்றேன்.

பாட்டிலை வாங்கிக்கொண்டு வலது காலை வைத்தேன். இடது காலைத் தூக்கும்போது முட்டிக்குள் காய்ந்த முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம், வாசலில் நின்றவர்களுக்கே கேட்டது. அடிவயிற்றிலிருந்து அந்த வார்த்தை கிளம்பியது, நெஞ்சுக்கு வந்தது, தொண்டைக்கு வந்தது, நான் முந்தானையை வாயில் திணித்துக் கடித்தேன். முகத்துக்கு நேராக அது ஆடிக்கொண்டிருந்தது. அதன் பின்னங்கால் ஒன்று இடுப்பிலிருந்து லேசாக நெகிழ்ந்தது, கழற்ற ரெடியாக, நான் கேட்டுவிடுவேன் என்று காத்திருக்கிற மாதிரி. வேண்டாம் என்று தலையை அசைத்தேன். சிஸ்டர் பெர்னதெத் என்னைப் பார்ப்பது போல நான் அதைப் பார்த்தேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கால் மறுபடி நேரானது. பாட்டிலை அதற்கு அடியில் கொடுத்து, மூடியை மேலே வைத்து, நூலோடு சேர்த்து மூடினேன்.

உள்ளே அது இரண்டு தரம் மேலும் கீழும் போனது. பிறகு நின்றது. ஆடாமல் அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தோம். ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

நான் இறங்கிக் கொடுத்ததைப் பர்வீன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "முன்னாடி ரெண்டு, நடுவுல ரெண்டு, பின்னாடி ரெண்டு," என்றாள், சொல்லிவிட்டு மறுபடி சொன்னாள். பிறகு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து, அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, "அம்மாடீ..." என்றாள். எல்லோரும் பரணைப் பார்த்தோம். ஒன்றும் விழவில்லை.

பொங்கலுக்கு இருந்துவிட்டுப் போ என்று பர்வீனை நான் நிறுத்திவைத்தேன். பொங்கல் அன்று அணைக்கட்டு மைதானத்தில் எடுத்த குரூப் போட்டோ கேம்ப் கிளப்பில் மாட்டியிருக்கிறது. மொத்தக் கேம்ப்பும் புகையாகக் கலங்கியிருக்கும், நடுவில் நானும் பர்வீனும் மட்டும் மூக்குத்தி முதற்கொண்டு தெளிவாக இருப்போம். அவள் எழுதினது ஆனி மாதம் அச்சாகி வந்தது. கேம்ப் வைத்த பேரையே லத்தீனாக்கி வைத்திருந்தாள். வெங்காயச் சருகு அப்படியே இருந்தது, பெருங்காய டப்பா இருந்தது, ஆறு காலும் மூட்டு மூட்டாக இருந்தன. அதற்குக் கீழே, கிடைத்த இடம் என்று போட்டு, திருமதி வத்சலா பாலகுருவின் சமையலறைப் பரண், ஒட்டடையில், என்று என்றைக்கும் அழியாத இங்கிலீஷில் இருந்தது. வீட்டுக்காரர் அதைச் சத்தமாகப் படித்து ஆடிக்கொண்டே சிரித்தார். ரெஜினா ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இப்போது என் வீட்டுக்கு வருகிற எல்லோரும் முதலில் மேலே பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அந்த மூலையை நான் அடிப்பதில்லை, அடிக்க ஏற முடிவதும் இல்லை. அடுத்த ஐப்பசிக்கு அவை மறுபடி வரும், பர்வீனும் வருவாள், பெண் பூச்சி வேண்டுமாம் அவளுக்கு, அதுவும் ஆறு காலோடு. அதுவரைக்கும் பரண் காலி. நேற்று மத்தியானம் அரிவாள்மணையை ஓரமாக வைத்துவிட்டுத் தரையிலிருந்து எழும்போது, வீட்டில் யாரும் இல்லை, மேலே எதுவும் தொங்கவில்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு, வாய்விட்டு, நிதானமாக, "அம்மாடி," என்றேன். வலி அப்படியேதான் இருந்தது. சொன்னது நன்றாக இருந்தது.